ஃபேக்டரியில் அடிச்சது

பாறசாலை மாமாவிடம் நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கதையையும் கேட்டால் அப்படித் தோன்றாது.

வழக்கமான வேலைதான். கொச்சியில் ஒருவர் பழைய பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் டிஸ்க்குகளைச் சேகரிக்கிறார். நம்ம பக்கத்துக் கல்ஃப் வீடுகளில் இவை பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்து அசலா நகலா என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குக் கூலி. மாமா ஷார்ஜாவில் இருந்தபோது லீவுக்கு வரும்போதெல்லாம் மகனுக்காக வாங்கி வந்தவை இவை. மகன் இப்போது கனடாவில். பெட்டியில் ஐம்பது அறுபது இருக்கும்.

முதல் டிஸ்க்கை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். அடிப்பக்கம் சுத்தமான வெள்ளி நிறம். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதியதாக இருந்தால் சாயம் ஊதாவாகத் தெரிந்திருக்கும், அதோடு வேலை முடிந்திருக்கும். இது அச்சு வைத்து ஆலையில் அடித்தது. ஆனால் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி மாதிரி வளையத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே ஐஎஃப்பிஐ (இசைப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு) என்று தொடங்கும் பொடிக் குறியீடு ஒன்று இருக்க வேண்டும். எந்த ஆலையின் அச்சு என்று காட்ட 1994இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஐரோப்பியப் பதிப்பு என்றால் அதற்கு வெளியே உள்ள பளபளப்பான வளையத்தில் சோனியின் டிஸ்க் ஆலையான சோனி டிஏடிசி என்ற பெயரும் பெரும்பாலும் இருக்கும், ஆஸ்திரியாவில் அடித்தது. இங்கே அதுவும் இல்லை. லென்ஸ் வைத்து மேல்பக்கத்தைப் பார்த்தேன். அசலில் பொடி எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். இதில் எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக உடைந்து கிடந்தது. அசலை ஸ்கேன் பண்ணி அச்சடித்தால் இப்படித்தான் வரும். ஆலையில் அடித்ததுதான், ஆனால் நகல். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அதே கதை. இரண்டே இரண்டில்தான் குறியீடும் பெயரும் ஒழுங்காக இருந்தன.

மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார். மாமி அடுக்களை வாசலில்.

“எல்லாம் ஒரிஜினல்தானே மக்கா?”

“எல்லாம் ஃபேக்டரியில அடிச்ச டிஸ்க்குதான் மாமா. வீட்டுல காப்பி பண்ணினது ஒண்ணுகூட இல்ல.”

மாமா திரும்பி மாமியைப் பார்த்து, “கேட்டியா?” என்றார்.

இதில் எந்த வார்த்தை பொய்? ஒன்றும் இல்லை. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு, அவ்வளவுதான். எனக்குக் கூலி கொடுப்பவர் கொச்சிக்காரர். அவரிடம் வெளியே வந்து ஃபோனில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் இரண்டுக்கு மட்டும் பணம் அனுப்பினார். “ரெண்டு மட்டும் மதியா அவருக்கு?” என்று மாமா கேட்டபோது, “அது போதுமாம் மாமா” என்றேன். அதுவும் நிஜம்தான்.

கிளம்பும்போது மெஷினையும் காட்டினார். எல்லா டிஸ்க்கும் ஓடுகிற மாதிரி செய்து கொடுக்க ஷார்ஜா கடைக்காரர் தனியாகக் காசு வாங்கினாராம். அசலா என்று மெஷின் பார்ப்பதைத் தாண்டிப் போக சிப் போட்ட மெஷின். சிப் இல்லாத மெஷினில் அந்தப் பெட்டியிலிருந்து இரண்டைத் தவிர எதுவும் ஓடாது. அசலாக இருந்தால் எதற்கு மாமா சிப் என்று கேட்டிருக்கலாம். மாமி எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் பொதிந்து கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்துத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மிச்சப் பெட்டியை மொத்தமாக வாங்கியிருக்கிறார். “மார்த்தாண்டத்து ஆள் பார்த்து எல்லாம் ஒரிஜினல்னு சொன்னதாகப் பெரியவர் சொன்னாரே, நீங்கள்தானே?”

“நான் அப்படிச் சொல்லவில்லை.”

“அப்படியானால் அவர் பொய் சொன்னாரா?”

“அதை அவரிடம்தான் கேட்கணும்.”

இந்த இடம்தான் உறுத்துகிறது. அப்புறம் அவர் வேறு வழியில் நம்பிக்கை தேடினார். ஒரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் படித்து ஹேஷ் எண் எடுத்தாராம், தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரி எண். அசல் டிஸ்க்குகளின் எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் ரீடம்ப் என்ற இணையப் பட்டியலில் உள்ளதோடு அது அப்படியே பொருந்துகிறதாம். நான் பொறுமையாக விளக்கினேன். அந்த எண் உள்ளே இருக்கும் தரவைப் பற்றியது, டிஸ்க்கைப் பற்றியது இல்லை. ஒரு பிட் மாறாமல் நகல் எடுத்தால் நகலும் அதே எண்ணைத்தான் காட்டும். வளையத்தைப் பாருங்கள், எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள் என்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவு சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை. மாமாவுக்கு இதில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் அந்தப் பெட்டியை ஒரிஜினல் என்று விற்றிருக்க மாட்டார்.

அல்லது விற்றிருப்பாரா? இப்போதெல்லாம் இன்னொரு எண்ணம் வருகிறது. ஷார்ஜாவில் அசல் விலைக்கும் இந்த டிஸ்க்குகளின் விலைக்கும் இருந்த வித்தியாசம் மாமாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? மாமி காதுபட என்னிடம் கேட்டது பெருமையா, ஏற்பாடா? அந்த “கேட்டியா”வை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் கேட்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் என் மேல் பழியில்லை. அந்த எண்ணம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. சரி, வசதியாக இருப்பதாலேயே தப்பாகிவிடாது.

வீட்டுக்காரர்களிடம் உண்மை சொல்வது என் வேலையில்லை என்று இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் சொல்கிறார்கள். எனக்கும் பாதி சம்மதம். உழைத்த காசில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததை, பெண்டாட்டி நிற்கும்போது நகல் என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆனால் சொல்லாமல் விட்டதன் விலையை இன்னொருவர் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் மாமாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். டிஸ்க்குக்கு ஒரு வரி: வளையக் குறியீடு உண்டு அல்லது இல்லை, அச்சு திடம் அல்லது புள்ளி. வாங்குகிறவருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. வீட்டுக்காரர்கள் அதை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறார்கள். குறியீடு இல்லை என்றால் நல்லதா கெட்டதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவேன் என்றுதான் நினைக்கிறேன்.