கேள்விக்குறிகளாய் மீண்ட காப்புப் பிரதி

எங்கள் ஊர் வாசிகசாலையின் இணையத்தளத்தை ஆறு வருடங்களாக நான்தான் பராமரித்து வருகின்றேன். மரண அறிவித்தல்கள், விளையாட்டுப் போட்டி முடிவுகள், பழைய ஆண்டு மலர்களிலிருந்து தட்டச்சுச் செய்த கட்டுரைகள் எல்லாம், வாடகைக்கு எடுத்த மேகச் சேர்வர் ஒன்றில் ஓடும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கடந்த ஐப்பசியில், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் செருகுநிரல் ஒன்றைப் புதுப்பித்தபோது பதிவுகள் இருந்த அட்டவணை சிதைந்துபோனது. இரவுதோறும் காப்பு எடுக்கப்பட்டு, 'வெற்றி' என்ற மின்னஞ்சலும் தவறாமல் வந்துகொண்டிருந்தபடியால் நான் பதறவில்லை.

கடைசிக் கோப்பை ஏற்றித் தளத்தைத் திறந்தேன். திகதிகளும் படங்களும் சரியாக இருந்தன. தலைப்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். ஏற்றியதில்தான் பிழை என எண்ணிக் காப்புக் கோப்பையே திறந்து பார்த்தேன். அங்கும் அவையே வரிசையாக நின்றன. எட்டு மாதங்களுக்கு முன்னர் காப்பு எடுக்கும் ஸ்கிரிப்டை நான் மாற்றியபோது, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறிமுறையைக் குறிப்பிடும் பழைய அமைப்புக் கோப்பு ஒன்றும் கூடவே வந்துவிட்டது. லத்தீன்1 இல் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு, மைஎஸ்கியூஎல் தன் வேலையை முடித்துக்கொள்ளும். தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், கேள்விக்குறியோ 1 பைட் ஆகையால், அன்று முதல் கோப்பின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அதைக் கண்டும், சேர்வரில் இடம் மிச்சம் என்று மகிழ்ந்திருந்தேன்.

கைகொடுத்தது, வாரம் ஒருமுறை எடுக்கப்படும் ஸ்நாப்ஷொட், அதாவது சேர்வர் வட்டின் முழுப்படி. அது எழுத்துகளைப் பொருட்படுத்தாமல் வட்டில் உள்ளதை உள்ளபடியே படியெடுப்பதால் தமிழ் தப்பியது. ஆயினும் அது நான்கு நாள் பழையது.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிற்லாப் நிறுவனத்துக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்று, காப்பு எடுக்கும் கருவியின் பதிப்பு வேறொன்று என்பதால் காப்பு எடுபடாமலே போக, அதை அறிவித்த மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்நாப்ஷொட்தான் அவர்களையும் காத்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, கடைசிக் காப்பை வெறுமையான வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றி, பழைய பதிவுகள் மூன்றை வாசித்துப் பார்க்கின்றேன். 'அறிவித்தல்' என்ற சொல் கோப்பில் இல்லாவிட்டாலோ, கோப்பின் அளவு திடீரெனக் குறைந்தாலோ ஸ்கிரிப்ட் எச்சரிக்கும். தரவுத்தளக் காப்பில் படங்கள் அடங்கா. அவற்றின் கோப்புறை தனியாகச் செல்கின்றது. இரவுக் காப்புக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் மீட்க, தரவுத்தளத்தின் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லொக்கை வைத்திருக்கின்றேன். பிரதிகளில் ஒன்று வேறொரு நிறுவனத்தின் சேர்வரிலும், மற்றொன்று வாசிகசாலை அலுமாரியிலுள்ள வன்தட்டிலும் இருக்கின்றன. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில், சேர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது, தளத்தையும் காப்பையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தைத் தீக்குக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, நானும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தேன்.

தொலைந்துபோன அந்த நான்கு நாட்களின் பதிவுகளில் மரண அறிவித்தல்கள் இரண்டு இருந்தன. ஒன்றை வட்ஸ்அப்பில் தேடி எடுத்தேன். மற்றதை, சந்தி மதிலில் மழைக்குப் பாதி கரைந்திருந்த கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்தைப் பார்த்துத் திரும்பவும் தட்டச்சுச் செய்தேன்.