ஸ்வெட்டருக்கு ஒரு ஒன்லைன் கடை: கணக்குப் பார்த்த கதை

அட்டனில் அக்காவும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்வெட்டர், குல்லா, கைக்குழந்தை உடுப்பு எல்லாம் பின்னுகிறார்கள். விற்பனை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும். சொந்தமாக ஒன்லைன் கடை போடலாமே என்ற பேச்சு வந்ததும் கொழும்பில் ஒருவரிடம் விலை கேட்டோம். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார். வீட்டில் எல்லாரும் அந்தத் தொகையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு உறுத்தியது அதற்குப் பிறகு மாதாமாதம் போகப்போகும் காசு.

முதலில், ஒன்லைன் கடையை மாத வாடகைக்குத் தரும் ஷொப்பிஃபை பார்த்தேன். வேலை சுலபம்தான், ஆனால் வாடகை டொலரில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது இருநூறு சொச்சத்தில் இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூறைத் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. இன்னொன்று, அவர்களுடைய சொந்தக் கட்டண வசதி இலங்கையில் கிடையாது. வெளி நிறுவனம் ஒன்றை இணைத்தால் ‘பேசிக்’ திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் ஷொப்பிஃபைக்குப் போகும். கார்டில் காசு வாங்கித் தரும் உள்ளூர் நிறுவனம் பிடிக்கும் கழிவு, அதாவது கமிஷன், வேறு. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நாமே தளம் போட்டால், அதில் கடை வைக்க உதவும் வூகொமர்ஸ் இலவசம். ஆனால் டொமைன் என்ற இணைய முகவரி, தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் இரண்டுக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும், பழுதானால் பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

அப்புறம் ஒரு கொப்பியை எடுத்துப் பார்சல் கணக்குப் போட்டேன். ஸ்வெட்டர் 2,800 ரூபாய். நூல் 1,100, கூரியர் 450, பையும் லேபலும் 60, கார்டு கழிவு 3 சதவீதம் என்று வைத்தால் 84. மிஞ்சுவது 1,106. அது அக்கா மூன்று நாலு சாயங்காலம் உட்கார்ந்து பின்னியதற்கான கூலி. சரி, பரவாயில்லை. குல்லாவுக்கு வந்தபோதுதான் சிரிப்பு வந்தது. விலை 750, நூல் 250, கூரியர் அதே 450. பையையும் கழிவையும் சேர்த்தால் கையிலிருந்து முப்பது ரூபாய் போட்டு அனுப்ப வேண்டும்! குல்லாவைத் தனியாக விற்பதில்லை, மூன்று சேர்ந்த செட்டாக மட்டும்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

இதில் சேராத செலவு, திரும்பி வரும் பார்சல். நம் ஆட்களுக்குப் பொருளைக் கையில் வாங்கிவிட்டுக் காசு கொடுப்பதுதான் பிடிக்கும். கூரியர்காரர் அழைக்கும்போது போனை எடுக்காவிட்டால் பொருள் திரும்பி வந்துவிடும், கூரியர் காசு நம் தலையில். அதுவும் தேயிலைத் தோட்டத்து விலாசம் என்றால் கேட்கவே வேண்டாம். கடை மென்பொருள் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கேட்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் எந்த வீதியை எழுதுவார்? அதனால் படிவத்தை மாற்றச் சொன்னோம்: தோட்டம், டிவிஷன், லயம், இரண்டாவது போன் நம்பர், டவுனில் பார்சலை வாங்கி வைக்கக்கூடிய கடை. கொழும்புக்காரர் இதற்குத் தனிக் காசு கேட்டார். தலவாக்கலையில் ஒரு தம்பி, மொத்தக் கடையையும் நாற்பதாயிரத்துக்குச் செய்து தந்தவர், இதை ஒரு மாலையில் முடித்துவிட்டார்.

கார்டு நிறுவனம் கேட்ட வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். அதைவிடப் பாடு போட்டோவுக்கு. மூட்டத்தில் எடுத்தால் மெரூன் கறுப்பாகத் தெரியும், சுள்ளென்ற வெயிலில் எடுத்தால் பின்னலே தெரியாது. பனி விலகிய காலை வெளிச்சத்தில், வாசலில் வெள்ளைத் துணி விரித்து எடுத்ததுதான் நூலின் நிறத்தை ஒழுங்காகக் காட்டியது. நிறம் வேறு என்று பார்சல் திரும்பி வந்தால் அந்த 450-ம் போச்சே.

இவ்வளவுக்கும் பலன் என்ன? விற்பனை ஒன்றும் பொங்கி வழியவில்லை. குறைந்துபோனது வட்ஸ்அப்பில் வரும் கேள்விதான். “விலை என்ன”, “நாலு வயசுக்கு இருக்கா” என்று ராத்திரி பத்து மணி வரை வந்துகொண்டிருந்தது. இப்போது மார்பளவு அட்டவணையும் விலையும் கடையிலேயே இருப்பதால் அக்காவின் கை ஊசியில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு விலை போட்டால் நாற்பதாயிரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான் எதிர்பார்க்காதது, கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள். தீபாவளிக்கு முன்பு அங்கிருந்தே கார்டில் கட்டி, தோட்டத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு அனுப்பச் சொன்னார்கள். காசு முன்பே வந்துவிடுவதால் அந்தப் பார்சல்கள் திரும்பி வருவதில்லை.

ஆனால் பின்னுவது நாலைந்து உருப்படிதான், வாங்குவதும் டவுன் ஆட்கள்தான் என்றால் பேஸ்புக் பக்கமே போதும் என்பேன். கேட்டவர்களுக்கும் அதைத்தான் சொன்னேன்.

எங்களுக்கு அடுத்த வேலை சிங்களப் பக்கம். நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசனில் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் வசதி. பண்டாரவளைத் தோழி எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். அவளுக்கு என்ன கொடுப்பது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.