கம்பஸ் தெரிவு செய்யுமுன் ஐ.சி.யைப் பாருங்கள்: திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணுமா, எந்தக் கம்பஸ், எந்தப் பாடநெறி. திருநங்கையாகவோ திருநம்பியாகவோ வாழும் பிள்ளைக்கு இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அங்கே என்னை எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள்?

அதற்கான விடை கம்பஸில் இல்லை, ஐ.சி.யில், அதாவது தேசிய அடையாள அட்டையில், இருக்கிறது. பதிவு நாளன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுதுவினைஞர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது விஷயம். கையில் இருக்கும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ் மூன்றையும் வரிசையாக வைத்துப் பெயரை ஒப்பிடுவதுதான் அவருடைய வேலை. மூன்றில் இரண்டு பெயர் இருந்தால் அவர் தலை நிமிர்ந்து பார்ப்பார், பின்னுக்கு நிற்கும் நாற்பது பேருக்கும் கேட்கும்படி விளக்கம் கேட்பார்.

இந்தியத் தமிழ்ப் பக்கங்களில் வாசித்ததை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். 2019 சட்டம், மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ் எல்லாம் அந்த நாட்டுக்குரியவை. இலங்கையில் சுகாதார அமைச்சின் 01-34/2016 இலக்கச் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை வழங்குபவர் மனநல வைத்திய நிபுணர். வயது 16 தாண்டியிருக்க வேண்டும். முதல் நாளே கையில் தரமாட்டார்கள். சில தடவைகள் கிளினிக்குக்குப் போகவேண்டி வரும், எத்தனை தடவை என்பது வைத்தியர் பார்த்து முடிவெடுப்பது. 18 வயதுக்குள் வீட்டாருடைய ஒத்துழைப்பு இல்லாமல் இதைக் கொண்டுபோவது கஷ்டம்.

சான்றிதழ் கிடைத்தபின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டும். பிறகு திருத்திய சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் போய்ப் புதிய ஐ.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்கலாம். இப்போதைய தோற்றத்தோடு எடுங்கள், பழைய தோற்றத்தில் எடுத்த படம் வருஷக்கணக்கில் கூடவே வரும். வங்கிக் கணக்கு கடைசி. பெயர் மாறாத கணக்கைக் கொடுத்துவிட்டு மஹாபொல புலமைப்பரிசில் காசு ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் அலைவது இதனால்தான்.

இதை எப்போது தொடங்குவது? முடிந்தால் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன். விண்ணப்பத்தில் போன பெயர்தான் சான்றிதழில் வரும், அங்கிருந்து பட்டச் சான்றிதழ் வரை போகும். அது முடியாமல் போனால் பரீட்சைத் திணைக்களத்தில் பெயர்த் திருத்தம் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். அது முடியும்வரை இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், பிரதிகள் ஐந்தாறு எடுத்து.

பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் இடையில் விலகி, வேறு மாவட்டத்தில் போய்ப் பரீட்சை எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. உங்கள் மாவட்டம் எது என்பதை உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எங்கே படித்தீர்கள் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கொழும்புக்குப் போய் நிம்மதி கிடைத்தாலும், மாவட்டம் மாறினால் வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளி) கைவிட்டுப் போகலாம்.

இனி இடம். அரச பல்கலைக்கழகத்தை நாம் "தெரிவு செய்கிறோம்" என்று சொன்னாலும், நம் கையில் இருப்பது விருப்ப வரிசை மட்டும். அந்த வரிசையை எழுதும்போது பாடநெறியைப் பார்க்கும் அளவுக்கு விடுதியையும் பாருங்கள். விடுதி ஆண், பெண் என்றுதான் பிரிந்திருக்கும், எந்தப் பக்கம் என்பதைப் பதிவில் உள்ள பால் தீர்மானிக்கும். கடதாசி மாறாத திருநங்கைப் பிள்ளைக்கு ஆண்கள் விடுதியில் முதல் வருடம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். பகிடிவதை (ராகிங்) இரவில், விடுதியில்தான் மோசமாக நடக்கும். அப்படியான நிலையில் விடுதியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தனி வாசலும் தனி பாத்ரூமும் உள்ள போர்டிங் பாருங்கள். வீட்டுக்கார அன்ரிக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் ஐ.சி. பிரதி கேட்பார் என்பதை மறக்க வேண்டாம்.

ஊரிலேயே நின்றால் இந்தத் தலையிடி இல்லை. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. புல்மோட்டை பஸ் ஏறினால் போகலாம், பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். குறை என்னவென்றால், பஸ்ஸிலேயே பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் இருப்பான், பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் உள்ள வந்தாறுமூலையோ யாழ்ப்பாணமோ போனால் அந்தப் பழைய பெயர் பின்னால் வராது. வீட்டில் ஆதரவு இருந்தால் ஊரில் படியுங்கள், வீடே பிரச்சினை என்றால் தூரம் நல்லது. இடைநடுவில் இன்னொரு வழி திறந்த பல்கலைக்கழகம்: விடுதி வாழ்க்கை இல்லை, எல்லா வயதுக்காரரும் வருவார்கள், யாரும் யாரையும் உற்றுப் பார்க்க நேரமில்லை. கட்டணம் உண்டு. ஆனால் வேலை செய்துகொண்டே கட்டலாம்.

விருப்ப வரிசை எழுத முன், வேலை நாளொன்றில் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பிரதான வாசலில் செக்கியூரிட்டி ஐ.சி. கேட்டு எப்படிப் பார்க்கிறார், கன்டீனில் ஆண்களும் பெண்களும் ஒரே மேசையில் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். பாத்ரூமுக்குள் போய்க் கொண்டியைப் போட்டுப் பாருங்கள். ஒற்றை ஆள் பாவிக்கும், உள்ளே பூட்டக்கூடிய பாத்ரூம் விரிவுரை மண்டபத்திலிருந்து எத்தனை நிமிட நடை? இல்லாத இடத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சலக்கடுப்போடு வைத்தியரிடம் போவார்கள்.

மாணவர் நலன்புரிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்துப் பெயர் சொல்லாமலே கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் முழுப்பெயர் வருமா, முதலெழுத்தும் பதிவிலக்கமும் போதுமா? பிரசன்டேஷனுக்கும் பரீட்சைக்கும் சாரி, டை என்று உடைக் கட்டுப்பாடு உண்டா? பால்நிலை சமத்துவப் பிரிவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் யார்? கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் நல்ல அறிகுறி. "அப்படி ஒரு கொமிட்டி இருக்குது" என்று இழுத்தால், இருக்கிறது, கடதாசியில்.

ஹோர்மோன் சிகிச்சையில் இருப்பவர்கள் கிளினிக் திகதியையும் பரீட்சை அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பீடங்களில் 80 வீத வரவு இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வராத நாளுக்கு மெடிக்கல் சான்றிதழ் கொடுப்பதற்கும் நாள் கணக்கு உண்டு, அதைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும். முதல் கிழமையிலேயே அவரைச் சந்தித்துவிடுவது நல்லது. அவருக்குச் சொன்னது பீடத்துக்குப் போகக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 2 வருடம் வரை சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் 10 வருடம் வரை. நடந்ததைத் திகதி, நேரம், இடம், பார்த்தவர் என்று அன்றிரவே எழுதி வையுங்கள், வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். நிர்வாகமே பாகுபாடு காட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. கம்பஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றத்தில் 1 மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாடு பதிந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.