செஸ் எஞ்சின் பிராஜெக்ட்: மூவ் ஆர்டரிங்கைப் பிடியுங்கள், மற்றது அப்புறம்

ரிசல்ட் வந்துவிட்டது. எக்ஸ்டர்னல் வைவா காப்பாற்றியது. இன்டர்னலில் செஸ் போர்டு திரையில் படமாகத் தெரியவில்லை என்று மார்க் குறைத்தார்கள். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து இதே தலைப்பை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஆல்பா-பீட்டா (முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடும் தேடல்) தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் முதலில் எவாலுவேஷனுக்குத்தான் ஓடுவார்கள். குதிரை நடுவில் நின்றால் இத்தனை பாயிண்ட், ராஜா மூலையில் இருந்தால் இத்தனை என்று டேபிளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். மூவ் ஆர்டரிங் (எந்த நகர்வை முதலில் தேடுவது என்ற வரிசை) சரியாகும் வரை அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. காய்களின் மதிப்பைக் கூட்டிக் கழித்தால் போதும்.

ஒரு நிலைக்கு 35 நகர்வுகள், ஆழம் 4 பிளை (ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு ஒரு பிளை) என்றால் கடைசி மட்டத்தில் 15,00,625 நிலைகள். எங்கும் சிறந்த நகர்வே முதலில் வந்தால் ஆல்பா-பீட்டா பார்க்க வேண்டியது 2,449 மட்டும். வரிசை தலைகீழானால் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விட முடியாது. கனூத், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் அலசிய விஷயம் இது. எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். என் சித்தூர் தாலுகா மலையாளம் பாதியிலேயே தமிழாகிவிட்டது, போர்டில் எழுதிய இந்த இரண்டு எண்கள்தான் பேசின.

நான் வைத்த வரிசை:

1. ஹாஷ் மூவ் (இதே நிலைக்கு முன்பு தேடிச் சேமித்த சிறந்த நகர்வு)
2. லாபமான வெட்டுகள் (சிப்பாய் ராணியை வெட்டுவது முதலில்)
3. கில்லர் (அதே பிளையில் வேறு கிளையில் தேடலை நிறுத்த உதவிய, வெட்டாத நகர்வு), பிளைக்கு இரண்டு
4. மற்ற அமைதியான (வெட்டாத) நகர்வுகள், ஹிஸ்டரி மதிப்புப்படி (முன்பு எவ்வளவு கைகொடுத்தது என்ற கணக்கு)
5. நஷ்ட வெட்டுகள்

முதலாவதுதான் உயிர். ஆழம் 5-இல் கிடைத்த சிறந்த நகர்வை டிரான்ஸ்போசிஷன் டேபிளில் (தேடிய நிலைகளின் முடிவைச் சேமிக்கும் இடம்) வைத்து, 6-இல் அதையே முதலில் பாருங்கள். ஆழம் ஒன்றிலிருந்து திரும்பத் திரும்பத் தேடுவது வீண் வேலை போலத் தெரியும். அடுத்த ஆழத்தில் மிச்சமாகும் நேரம் அதை ஈடுகட்டிவிடும்.

எல்எம்ஆரை (லேட் மூவ் ரிடக்‌ஷன்) அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். பின்னால் வரும் நகர்வுகளை அது ஆழம் குறைத்துத்தான் பார்க்கும். வரிசை மோசமாக இருந்தால் நல்ல நகர்வுதான் அடிபடும்.

அப்புறம் சில:

- முழுப் பட்டியலையும் சார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சத்தில் சிறந்ததை மட்டும் எடுங்கள். முதல் நகர்விலேயே கட்ஆஃப் (மிச்சத்தைப் பார்க்காமல் நிறுத்துவது) விழுந்தால் மற்றதை அடுக்கியது தண்டம்.
- பீட்டா கட்ஆஃப்களில் எத்தனை முதல் நகர்வில் விழுந்தன என்று எண்ணுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி வந்தால் சரி.
- பெர்ஃப்ட் (விதிப்படி எத்தனை நகர்வுத் தொடர்கள் வருகின்றன என்று எண்ணும் சோதனை) ஒத்துப்போகாமல் எதையும் தொடங்காதீர்கள். ஆரம்ப நிலைக்கு ஆழம் 1 முதல் 4 வரை 20, 400, 8,902, 1,97,281.
- டிரான்ஸ்போசிஷன் டேபிள், நல் மூவ் (நகர்த்தாமல் பாஸ் விட்டுப் பார்ப்பது), எல்எம்ஆர் மூன்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஆழத்தில் வரிசையை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். நோடு (தேடிய நிலை) எண்ணிக்கை மாறலாம், ஸ்கோர் மாறவே கூடாது. மாறினால் பக் இருக்கிறது. இந்த இரண்டு ரன்னையும் பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிவிடுங்கள். எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.