கௌசல்யாவைக் காணோம்

போன மாதம் ஒரு கல்யாண வேலை. 380 உறைகள், தமிழில் பெயர், கீழே ஆங்கிலத்தில் முகவரி. பெண் வீட்டார் இரண்டு பட்டியல் அனுப்பினார்கள். யார் யாரை அழைப்பது என்று சித்தப்பா கைபேசியில் தட்டியது ஒன்று. அண்ணன்காரன் எக்செல்லில் போட்ட முகவரிப் பட்டியல் இன்னொன்று. பெயரை வைத்து இரண்டையும் கோத்து, உறைகளை அடித்து, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருக்கும் என் அச்சுக் கடையிலிருந்து ஈசூனுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை கோப்பி ஆறுவதற்குள் பெண்ணின் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, எங்க கௌசல்யா அத்தைக்கு உறையே இல்லையே? ஜொகூர்ல இருக்காங்க, மூத்த அத்தை. அவங்களுக்குப் பத்திரிகை போகலன்னா எங்க கதி அவ்வளவுதான்."

"இருங்கக்கா, பார்த்துச் சொல்றேன்."

சித்தப்பாவின் பட்டியலைத் திறந்து கௌசல்யா என்று தேடினேன். இல்லை என்றது கணினி. சரி, அவர் மறந்திருப்பார் என்று நினைத்து விரலால் உருட்டிக்கொண்டே போனால், 212ஆம் வரியில் அத்தை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். மறுபடி தேடினேன். மறுபடியும் இல்லை.

எழுத்து எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் தட்டியது ககரமும் ஔகாரக் குறியும்: கௌ. எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கும் பொதுக் கணினித் தரமான யூனிகோடுக்கு அது இரண்டு குறியெண்கள். சித்தப்பா தட்டியது ககரம், ஒற்றைக் கொம்பு, அப்புறம் ஒரு முழு ளகரம்: கெள. மூன்று குறியெண்கள். அண்ணன்காரன் பட்டியலோடு அது பொருந்தாததால்தான் அத்தைக்கு உறை அடிபடவில்லை. நீங்கள் எந்த ஃபாண்டில் இதைப் படிக்கிறீர்களோ தெரியாது, இரண்டும் ஒன்றாகவே தெரிந்தால் என்னைத் திட்ட வேண்டாம். பள்ளியில் ஔகாரத்துக்குச் சின்ன ள போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபாண்ட் செய்கிறவர்களில் பலர் சின்னது பெரியது பார்ப்பதில்லை, ளகரத்தையே அங்கேயும் வைத்துவிடுகிறார்கள். சித்தப்பாவைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கண்ணுக்குத் தெரிந்ததைத் தட்டினார். ஒளவையார் என்று ஓகாரத்தின் தம்பியையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டாதவர் நம்மில் எத்தனை பேர்?

உறையைத் திரும்ப அடிக்க நேரமில்லை. மிச்சமிருந்த வெற்று உறையில் கறுப்புப் பேனாவால் அத்தை பெயரை எழுதிக் கொடுத்தேன், சின்ன ள போட்டு. 380 உறையிலும் அதுதான் அழகாக இருந்தது என்று அக்கா சொன்னார். அச்சுக்காரனுக்கு இது பாராட்டா என்று தெரியவில்லை.

இந்த ஏமாற்று வேலை எனக்குப் புதிதே இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1996இல். அப்போது கணினிக்குத் தமிழே தெரியாது. பாமினி ஃபாண்டைப் போட்டுக்கொண்டு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' வரும். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் வேஷம். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கொரு விசைப்பலகை. கோப்பு அனுப்பினால் கூடவே ஃபாண்டையும் வட்டில் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் வரிந்துகட்டியவர்களில் ஒருவர் நம் ஊர் நா. கோவிந்தசாமி. கணியன் என்ற பெயரில் தமிழ் மென்பொருள் செய்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழ் ஏறியது அவரால்தான். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாட்டை இங்கேயே கூட்டினார். 1999இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மறு ஆண்டு இதே ஊரில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப அமைப்பு தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியாகிவிட்டது. கடைக் கணினியில் அதைக் கண்ணால் பார்க்க விண்டோஸ் 2000உம் அதனுடன் வந்த லதா ஃபாண்டும் தேவைப்பட்டன. நம் 216 உயிர்மெய்யில் அகரம் ஏறிய 18க்குத்தான் அங்கே தனி இடம். மற்றதெல்லாம் ஒட்டு வேலை. 'கெ' என்றால் முதலில் ககரம், பிறகு கொம்பு என்றுதான் கோப்பில் இருக்கும். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது ஹார்ஃப்பஸ் மாதிரியான வடிவமைப்பு இயந்திரத்தின், அதாவது எழுத்துகளைத் திரையில் கோத்து வைக்கும் மென்பொருளின், வேலை. கு, சு, டு, று ஒவ்வொன்றுக்கும் வால் வேறு மாதிரி சுழிப்பதால் உகர ஊகார வரிசைகளைத் தனித்தனியாக வரைய வேண்டியது ஃபாண்ட் செய்கிறவரின் தலையெழுத்து. இயந்திரம் தூங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்தேன். 'குப்பை' என்ற சொல்லில் ஐகாரக் குறி பகரத்துக்குப் பின்னால் போய், கோபித்துக்கொண்டு தனியாக நின்றது. யார் ஒட்டியது என்று இங்கே சொல்லப்போவதில்லை. மூன்று வாரம் அப்படியே இருந்தது.

கௌசல்யாவுக்கு வருகிறேன். இனி இப்படி ஆகக் கூடாது என்று, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்திலெல்லாம் ஔகாரக் குறியை வைக்கும்படி கணினியிடம் சொல்லிவைத்தேன். கெளரி, மெளனம், செளந்தர்யா எல்லாரும் ஒரே நொடியில் ஒழுங்குக்கு வந்தார்கள். பெருமையாக இருந்தது. அடுத்து வந்தது ஒரு சாப்பாட்டுக் கடைப் பதாகை, ஆறடி நீளம். தொங்கவிட்ட பிறகு கடைக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்கு நடுவுல புள்ளிபுள்ளியா ஒரு வட்டம் இருக்கே, அது என்ன, டிசைனா?"

வெள்ளியில் இருப்பது நிஜமான ளகரம். அதைப் பிடுங்கிக் குறியாக்கியதும் மேலே இருந்த புள்ளிக்கு உட்கார இடமில்லை. அப்படி நிற்க இடமில்லாத குறிக்குக் கணினி கொடுக்கும் மணைதான் அந்தப் புள்ளி வட்டம். இணையத்தில் 'வௌியே', 'வௌியீடு' என்று அடிக்கடி கண்ணில் படுகிறதே, அதுவும் இந்தச் சாதிதான். பதாகைக் காசு என் கையை விட்டுப் போனது.

பிறகு விதியைத் திருத்தினேன்: ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதே. வெள்ளி தப்பியது, தெளிவு தப்பியது, கெளுத்தி மீனும் தப்பியது. இரண்டு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. நேற்று ஒரு நாடகக் குழு சுவரொட்டி கொண்டுவந்தார்கள், முழுக்கப் பேச்சு வழக்கு. மேலே கொட்டை எழுத்தில் 'கெளம்பலாம் வாங்க'. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை தேடிப் பார்த்தேன். கெளம்பலாம் என்று எதுவும் இல்லை என்றது கணினி.