வெறும் எக்செப்ட் எழுதிப் பழகாதீர்கள்

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, பைதன் நிரல் மொழியில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விசயம். பிழை வரக்கூடிய வரிகளை ட்ரைக்குள் போடுவோம், பிழை வந்தால் என்ன செய்வதென்று எக்செப்டில் சொல்வோம். எந்தப் பிழை என்று பெயர் சொல்லாமல் விட்டால் அது வெறும் எக்செப்ட்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. படிக்கிற காலத்தில், அம்மா பறித்த கொழுந்தின் நிறையை நாள்தோறும் ஒரு கோப்பில் அடித்து வைத்து, மாதக் கடைசியில் கூட்டிக் காட்டும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். இடையில் நின்றுவிடக் கூடாதென்று, சுற்றுக்குள் இருந்த அத்தனையையும் ட்ரைக்குள் போட்டு, கீழே வெறும் எக்செப்ட், அதற்குள் 'ஒன்றும் செய்யாதே' என்னும் பாஸ். கூட்டுத்தொகையைப் பார்த்த அம்மா, "இவ்வளவு குறையாதே, ஒருநாள்கூட எனக்கு அரைப்பேர் விழலையே" என்றார். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் பதிவதுதான் அரைப்பேர்.

கோப்பை வரிவரியாகப் பார்த்தேன். மூன்று இடங்களில் 17.5 என்பதை 17,5 என்று அடித்திருந்தேன். எழுத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட், காற்புள்ளியைக் கண்டதும் வேல்யூஎரர் என்ற பிழையை எழுப்பியிருக்கிறது. என் எக்செப்ட் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அம்மாவின் மூன்று நாள் உழைப்பு கணக்கிலேயே இல்லை.

அப்புறம் ட்ரைக்குள் ஃப்ளோட் வரியை மட்டும் விட்டேன். எக்செப்டுக்குப் பக்கத்தில் வேல்யூஎரர் என்று பெயரை எழுதி, எந்த வரியில் பிழை என்று அச்சிட வைத்தேன்.

பெயர் சொல்லிப் பிடிக்கும் இந்த வசதி கோப்பு விசயத்தில் முதலிலிருந்தே இருக்கவில்லை. முன்பு கோப்பு இல்லையென்றாலும் அனுமதி இல்லையென்றாலும் வந்தது ஒரே ஐஓஎரர்தான். எது என்று அறிய உள்ளிருக்கும் பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். 2012இல் வந்த பைதன் 3.3 இதைச் சீராக்கியது. ஐஓஎரர், ஓஎஸ்எரர் என்ற பொதுவான பிழையுடன் ஒன்றானது. அதன் கீழ் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் என்று தனித்தனிப் பெயர்கள் வந்தன. பழைய குறிப்புகளில் ஐஓஎரரைக் கண்டால் குழம்ப வேண்டாம், இன்றும் அது ஓஎஸ்எரரின் மறுபெயராக வேலை செய்யும்.

இவற்றை மனப்பாடம் செய்ய நான் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றே பிழை வரவழையுங்கள். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓடவிடுங்கள். கோப்புக்குப் பதில் கோப்புறையைத் திறக்கச் சொல்லுங்கள்: லினக்சில் இஸ்ஏடிரெக்டரிஎரர், விண்டோசில் பெர்மிஷன்எரர். சரி, முடிவில்லாச் சுற்றுக்குள் வெறும் எக்செப்ட் போட்டுவிட்டு, கண்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்திப் பாருங்கள். நிற்காது, அந்தக் கட்டளையையும் அது விழுங்கிவிடும். ஒவ்வொரு பிழைச் செய்தியின் கடைசி வரியையும் கொப்பியில் கையால் எழுதுங்கள். எனக்கு இரண்டே வாரத்தில் பெயர்கள் பிடிபட்டன.