மாதிரியை ஓட்டப் பத்து விநாடி, மழைக் கணக்கு வாங்க நாலு மாதம்

பயிர் மாதிரி, அதாவது வானிலை, மண், ரகம் எல்லாம் கொடுத்தால் விளைச்சலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் நிரல், என்றாலே எல்லோரும் மென்பொருளைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். நானும் மிரண்டேன். ஆனால் டிஸ்ஸாட் என்ற பயிர் மாதிரி மென்பொருளை இறக்கி, நிறுவி, அதோடு வரும் உதாரண நெல் சோதனையை ஓட்டிப் பார்த்தது வரை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. காசும் இல்லை. ஆடுதுறை 39 நெல் ரகத்தை சம்பாவில் எந்த வாரம் நட்டால் என்ன விளையும் என்று கணினியில் கணக்குப் பார்ப்பதுதான் என் ஆய்வு. 2018-ல் சீனியர் அக்கா மன்னார்குடி பக்கம் போட்ட வயல் சோதனையை வைத்து மாதிரியைப் பழக்க வேண்டும், 2019-ல் நானே போடுகிற சோதனையை வைத்துச் சரிபார்க்க வேண்டும். "ஆறு மாசத்துல முடிச்சிடலாம் சார்" என்று கைடிடம் வாயை விட்டேன்.

மாதிரிக்கு வானிலையில் ஒரு நாளுக்கு நாலே நாலு எண் போதும்: சூரியக் கதிர்வீச்சு, அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், மழை. இதற்கு எதற்கு அலைச்சல், நாசா பவர் என்ற வானிலைத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் வெப்பம், மழைக்கு அதன் ஒரு கட்டம் 50 கிலோமீட்டருக்கு மேல் அகலம், கட்டம் முழுவதற்கும் ஒரே எண். வடகிழக்குப் பருவமழை ஒரு ஊரில் கொட்டிவிட்டுப் பக்கத்து ஊரில் தூறலோடு நடையைக் கட்டும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் மழையும் வெப்பமும் வயலுக்குப் பக்கத்தில் அளந்ததாக இருக்க வேண்டும் என்று கைடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு வேளாண் வானிலைக் கூடம் இருந்தது. பேர் வேண்டாம்.

முதல் தடவை போனேன். கடிதம் யாருக்கு எழுதியிருக்கிறது என்று எழுத்தர் பார்த்தார். "இவரு ரெண்டு மாசம் முன்னாடியே மாத்தலாயிட்டாரும்மா." இரண்டாவது தடவை அதிகாரி பெயர் சரி, துறைத் தலைவரின் மேலொப்பம் இல்லை. மூன்றாவது தடவை எல்லாம் சரி, அதிகாரி கேம்ப். பேருந்தில் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். போவதற்கு முன் போன் போட்டுக் கேட்டேனா என்றால், போட்டேன். மணி அடித்தது, அவ்வளவுதான்.

நாலாவது தடவை கட்டணம் கட்டி, ரசீது வாங்கி, தட்டச்சு செய்த தாளையும் கையில் வாங்கினேன். வாசலைத் தாண்டும் முன்பே பிரித்துப் பார்த்தேன். நவம்பர் 15, 16, 17 மூன்று நாளும் வெறும் கோடு. 16-ஆம் தேதி விடியலில்தான் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அது மட்டுமா, சூரிய ஒளி நேரம் நவம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு எண்கூட இல்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க வீட்டு ஓடே பறந்துடுச்சும்மா. மழைய யாரு அளப்பா?"

அதற்கு நான் என்ன சொல்ல.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பதிவு எடுக்கிற அண்ணனைப் பார்த்தேன். தினமும் காலை 7.12-க்கும் மதியம் 2.12-க்கும் கருவிகளைப் பார்த்து எழுதுகிறவர். (அதென்ன பன்னிரண்டு என்றால், அந்த ஊரின் உள்ளூர் நேரப்படி அதுதான் ஏழு மணியும் இரண்டு மணியும்.) விஷயத்தைச் சொன்னேன். "யாரு சொன்னா அளக்கலன்னு?" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி டைரி வந்தது. மரமெல்லாம் விழுந்து கிடந்த அன்றைக்கும் மனிதர் தாண்டித் தாண்டிப் போய் மழைமானியைப் பார்த்திருக்கிறார். பதிவேடு இருந்த அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் டைரியில் குறித்தது, பிறகு யாரும் பதிவேட்டில் ஏற்றவில்லை. மூன்று நாள் மழையும் பென்சிலில் தெளிவாக இருந்தது.

அதோடு விடவில்லை அவர். அலமாரியைத் திறந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு அட்டையை எடுத்தார். சன்ஷைன் ரெக்கார்டர் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் வளைந்த அட்டை. வெயில் அடிக்கிற நேரமெல்லாம் உருண்டை அட்டையைச் சுட்டுக்கொண்டே போகும். அந்தக் கரிக்கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். விடுபட்ட மூன்று வாரத்து அட்டைகளும் அதில் இருந்தன, யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். பின்மதியம் முழுக்க அளந்தேன். சில நாளில் கோடு நீளமாக, ஓரம் பொசுங்கி. சில நாளில் மேகம் வந்து வந்து போனதால் புள்ளி புள்ளியாக. ஒரு நாள் அட்டையில் கொசு உட்கார்ந்த அளவு ஒரு கருப்பு, அதற்கு எத்தனை நிமிடம் போடுவது என்று இரண்டு பேரும் பஞ்சாயத்து பண்ணினோம். வெயில் நேரம் கிடைத்தால் ஆங்ஸ்ட்ராம் சூத்திரத்தில் கதிர்வீச்சாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாள் வெப்பத்துக்கு மட்டும் பவர் தரவை எடுத்து, நிலையத்தோடு இருந்த வித்தியாசத்தைக் கழித்துப் போட்டேன்.

மழைத் தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. மழையை மட்டும் காலை எட்டரைக்கு அளப்பார்கள், அது முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது. 16-ஆம் தேதி கட்டத்தில் இருப்பது 15-ஆம் தேதி காலை எட்டரையிலிருந்து பெய்த மழை. உங்கள் நிலையத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு தேதியைப் போடுங்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்த அலைச்சல் நடந்துகொண்டிருக்கும்போதே பொறுக்க முடியாமல், முழுக்கப் பவர் தரவை வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பூக்கும் நாள் கிட்டத்தட்டப் பொருந்தியது. மகசூல் ஹெக்டேருக்கு 1,300 கிலோ! அக்காவின் நோட்டில் 5,850. தழைச்சத்தில் கோளாறு என்று முடிவுகட்டி யூரியா அளவை மாற்றி மாற்றி மூன்று வாரம் போராடினேன். இலைப் பரப்பு அசையவே இல்லை. கடைசியில் வானிலைக் கோப்பைச் சும்மா உருட்டிப் பார்த்தபோது கதிர்வீச்சு 4.8, 5.1 என்று நின்றது. நம் ஊர் வெயிலுக்கு 17, 18 இருக்க வேண்டாமா? பவர் தளத்தில் தரவு இறக்கும்போது எந்தத் துறைக்கு என்று கேட்கும். வேளாண்மை என்று கொடுத்தால் மெகாஜூலில் வரும். நான் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைத் தேர்ந்திருக்கிறேன், கிலோவாட் மணியில் வந்துவிட்டது. 3.6-ஆல் பெருக்கினால் தீர்ந்தது. மூன்று வாரம் போச்சு.

அப்போது புரிந்ததை எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்: பூக்கும் நாள் சரியாக வந்து மகசூல் மட்டும் பாதாளத்தில் கிடந்தால், கதிர்வீச்சையும் நீரையும் தழைச்சத்தையும் பார், அதுவும் அந்த வரிசையில். பூக்கும் நாளை முடிவுசெய்வது வெப்பமும் பகல் நீளமும். வெயில் அளவு தப்பாக இருந்தாலும் அது பாட்டுக்குச் சரியாக வந்து நம்மை ஏமாற்றும். இன்னொன்று, விடுபட்ட எண்ணுக்குப் பவர் -999 போடும், டிஸ்ஸாட்டுக்கு வேண்டியது -99. மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொடுக்க வேண்டும்.

மண் விவரத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக வேண்டும். மண் பரிசோதனை அட்டையில் இருப்பது மேல்மண் மட்டும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த களியில் கடப்பாரை போட்டுக் குழி வெட்டினோம். வயல்காரப் பெரியவர் வரப்பில் குந்திக்கொண்டு, "கெணறு வெட்டவா பாப்பா வந்த?" என்று கேட்டார். ஐயா, உங்க மண்ணு எவ்வளவு தண்ணி புடிக்கும்னு பார்க்கறேன் என்றேன். "அத என்னையக் கேட்டா சொல்லிட்டுப் போறேன்." சொன்னார். களி எத்தனை அடி, அதற்குக் கீழே எங்கே மணல் கலக்கிறது எல்லாம். குழியில் அப்படியேதான் இருந்தது.

நடவு நெல் போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நடவுத் தேதி என்று கேட்கும் இடத்தில் வயலில் நட்ட தேதியைத்தான் கொடுக்க வேண்டும், நாற்றின் வயது தனிக் கட்டத்தில். நான் நாற்றங்காலில் விதைத்த தேதியைக் கொடுத்து, வயது 25 என்றும் போட்டு, பயிரை 25 நாள் முன்னாடியே ஓட விட்டேன். அடுத்தது வரப்பு. கோப்பின் பாசனப் பகுதியில் வரப்பின் உயரத்தைத் தனியாகச் சொல்லாவிட்டால் மாதிரிக்கு வரப்பே கிடையாது, கட்டின தண்ணீர் வழிந்து ஓடிவிடும். என் கணினி வயலில் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடியது, டெல்டாவில், சம்பாவில்! சேறடித்ததையும் நீர்க்கசிவு அளவையும் அங்கேயே சொல்ல வேண்டும். கோப்பைக் கையால் திருத்தினால் டேப் விசையைத் தொடாதீர்கள். எல்லாம் பழைய ஃபோர்ட்ரான் கட்டுமானம், ஒரு எண் ஒரு இடம் நகர்ந்தால் வேறு எண்ணாகப் படித்துக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவது என் தப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் சரிசெய்த பிறகு மாதிரி 5,000 கிலோ பக்கம் வந்து நின்றது. நோட்டில் 5,850. ஒரு ரகத்தின் குணத்தை மாதிரிக்குச் சொல்லும் எண்கள், ரகக் கெழுக்கள், இருக்கின்றன அல்லவா, பி1, பி2ஓ, பி2ஆர், பி5 நாலும் வளர்ச்சிப் பருவத்துக்கு, ஜி1, ஜி2, ஜி3 விளைச்சலுக்கு. ஜி1 என்பது மணி எண்ணிக்கைக்கான கெழு. அதைக் கொஞ்சம் ஏற்றினேன், பட்டென்று பொருந்திவிட்டது. படம் போட்டுக் கைடிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். அடுத்து என் 2019 சோதனையை ஓட்டினால் மாதிரி 800 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சொல்கிறது. என் வயல் நெல்லை நானே ஓவனில் ஈரம் போக உலர்த்தி எடை போட்டிருந்தேன். அங்கேதான் பொறி தட்டியது. ராத்திரி பத்து மணிக்கு அக்காவுக்குப் போன். "அக்கா, நோட்டுல இருக்க மகசூல் எந்த ஈரப்பதத்துல?" "பதினாலு பர்சென்ட்டுக்கு மாத்தினதுடி, ஏன்?"

டிஸ்ஸாட் தருவது ஈரம் இல்லாத உலர் எடை. 5,850-ஐ 0.86-ஆல் பெருக்கினால் 5,031. மாதிரி முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் அதன் காதைத் திருகியிருக்கிறேன். கெழுவைத் திருகினால் எந்தத் தப்பையும் மூடிவிடலாம், ஒரு வருடத்துக்கு. நம் மாநிலத்தில் பயிர்க் காப்பீட்டுக்காக ராடார் செயற்கைக்கோள் படத்தோடு ஒரைசா என்ற நெல் மாதிரியைச் சேர்த்து விளைச்சலைக் கணித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒரு 14 சதவீதம் ஒளிந்திருந்தால் யார் கைக்காசு போகும் என்று நினைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஜி1-ஐப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கைடிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. பாராட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

2019-க்கு இப்போது பூக்கும் நாளில் இரண்டு நாள் வித்தியாசம், மகசூலில் 6 சதவீதம். போதும்.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அந்த எழுத்தர்தான். 2018 கணக்கை முழுசாக மேலிடத்தில் கேட்கிறார்களாம், என்னிடம் விடுபடாமல் இருப்பதாக அண்ணன் சொன்னாராம், ஒரு காப்பி அனுப்ப முடியுமா என்றார். அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். கடிதம் எதுவும் கேட்கவில்லை.